டெக்சாஸ் அரசுப் பள்ளியில் என் பிள்ளைகள் பிரார்த்தனையில் சேரத்தான் வேண்டுமா?

மதுரையிலிருந்து டாலஸ் பக்கம் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மகன் ஒன்பதாம் வகுப்பு, பள்ளி ஓட்டக் குழுவில் இருக்கிறான். ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் கோச் பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்து, கை கோக்கச் சொல்லி, இயேசுவின் பெயரால் ஜெபம் சொல்கிறார். மகள் ஆறாம் வகுப்பு. காலையில் கொடிக்கு உறுதிமொழி, அப்புறம் ஒரு நிமிட மௌனம். "அமெரிக்கப் பள்ளிகளில் பிரார்த்தனைக்கே தடை" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், பிறகு இது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் விபூதி பூசிக்கொண்டு போகலாமா என்றும், மிஷன் பள்ளியில் படித்த நீங்கள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" சொல்லித்தானே வளர்ந்தீர்கள், இதைப் பெரிதுபடுத்த வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "அவன் மட்டும் விலகி நின்றால் மற்றவர்கள் அவனை எப்படிப் பார்ப்பார்கள்?" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. சட்டத்தைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 22 வருடங்களாக அரசியலமைப்பும் வரலாறும் கற்பிக்கிறேன். இந்த வழக்குகளை ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறேன். ஆசிரியர் என்ற முறையில் இந்தக் கோட்டுக்கு உள்ளே நிற்க வேண்டிய கட்டாயம் எனக்கும் உண்டு. எது உறுதி, எது இப்போது ஆடிக்கொண்டிருக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்ல முயல்கிறேன். உங்கள் குறிப்பிட்ட நிலைமைக்குச் சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பாதிதான் சரி. அமெரிக்க அரசுப் பள்ளியில் பிரார்த்தனைக்குத் தடை என்றைக்கும் இருந்ததில்லை. பள்ளி பிரார்த்தனை நடத்துவதற்குத்தான் தடை. இரண்டும் ஒன்றல்ல. உங்கள் மகள் பரீட்சைக்கு முன் கண்ணை மூடி முருகா என்று சொல்லிக்கொண்டால் அதை நிறுத்த எந்த ஆசிரியருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் அதே ஆசிரியர் வகுப்பு முழுவதையும் பார்த்து "வாருங்கள், பிரார்த்திப்போம்" என்று சொன்னால் அங்கே பேசுவது அரசு. அரசுக்கு மதம் இருக்கக் கூடாது என்பதுதான் அவர்களுடைய அரசியலமைப்பின் முதல் திருத்தம். அதில் மதத்தைப் பற்றி இரண்டு வாசகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அரசு மதத்தை நிறுவக் கூடாது என்கிறது ஒன்று, மக்கள் மதத்தைப் பின்பற்றுவதைத் தடுக்கக் கூடாது என்கிறது மற்றொன்று. பள்ளி வழக்குகள் எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒற்றையடிப் பாதையில் நடப்பவை.

இந்தக் கோடு போடப்பட்ட கதை சுவாரசியமானது. 1951-இல் நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் ஒரு சின்னப் பிரார்த்தனையைத் தானே எழுதியது. ஆங்கிலத்தில் மொத்தம் 22 வார்த்தைகள். எல்லாம் வல்ல கடவுளே, உம்மைச் சார்ந்தே இருக்கிறோம், எங்களையும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் நாட்டையும் ஆசீர்வதியும் என்பது அதன் பொருள். யார் மனமும் புண்படக் கூடாது என்று இயேசுவின் பெயர்கூட இல்லாமல் கவனமாக எழுதினார்கள். விருப்பமில்லாத பிள்ளை சொல்லாமல் இருக்கலாம், வெளியே போகலாம் என்றும் விதி வைத்தார்கள். இருந்தும் லாங் ஐலண்டில் சில பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். 1962-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 1 என்ற கணக்கில் அந்தப் பிரார்த்தனை செல்லாது என்றது. அதுதான் எங்கல் எதிர் வைடேல் வழக்கு. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹ்யூகோ பிளாக் அலபாமாக்காரர், தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி நடத்தியவர். மத வெறுப்பில் எழுதிய தீர்ப்பு அது இல்லை. பிரார்த்தனையை எழுதுவது அரசாங்கத்தின் வேலை இல்லை என்றுதான் அவர் சொன்னார். அரசு எழுதிய பிரார்த்தனையிலிருந்து தப்பித்துத்தான் பலர் இங்கிலாந்திலிருந்து இந்த நாட்டுக்கே வந்தார்கள் என்பதையும் அதிலேயே நினைவுபடுத்தினார்.

அடுத்த வருடமே இன்னொன்று. பென்சில்வேனியாவில் தினமும் பள்ளியில் பைபிளிலிருந்து பத்து வசனங்கள் வாசிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1956-இல் அபிங்டன் உயர்நிலைப் பள்ளியில் எல்லரி ஷெம்ப் என்ற 16 வயதுப் பையன், வசனம் வாசிக்கும் நேரத்தில் குர்ஆனைத் திறந்து வைத்துக்கொண்டு தனக்குள் படித்தான். அவன் முஸ்லிம் இல்லை, யூனிட்டேரியன் என்ற தாராளவாத மதப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். பைபிள் ஒன்று மட்டும்தானா புனித நூல் என்று கேட்பதற்கு அவனுக்குத் தெரிந்த வழி அது. பிரின்சிபல் அறைக்கு அனுப்பப்பட்டான். ஏழு வருடம் கழித்து, 1963-இல், உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று அவன் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், மதங்களைப் பற்றியும் பைபிளைப் பற்றியும் இலக்கியமாக, வரலாறாகக் கற்பிப்பதில் தவறே இல்லை என்றும் சொன்னார்கள். அதனால் உங்கள் மகள் சமூக அறிவியல் பாடத்தில் கிறிஸ்தவம், இஸ்லாம், இந்து மதம், பௌத்தம் எல்லாம் படித்துவிட்டு வந்தால் பதற வேண்டாம். நானும் கற்பிக்கிறேன். "இவர்கள் இப்படி நம்புகிறார்கள்" என்று சொல்லலாம், "நாம் இப்படி நம்ப வேண்டும்" என்று சொல்லக் கூடாது.

இப்போது மகளின் காலை நேரத்துக்கு வருவோம். டெக்சாஸில் தினமும் அமெரிக்கக் கொடிக்கு ஒரு உறுதிமொழி, டெக்சாஸ் கொடிக்கு ஒரு உறுதிமொழி, பிறகு ஒரு நிமிட மௌனம் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. அமெரிக்க உறுதிமொழியில் "கடவுளின் கீழ்" என்ற சொற்கள் ஆரம்பத்திலிருந்து இருந்தவை அல்ல, 1954-இல் சேர்த்தவை. இதைச் சொல்ல மறுக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. அந்த உரிமையைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவினர். கொடிக்கு வணக்கம் செலுத்துவது விக்கிரக வணக்கம் என்பது அவர்கள் நம்பிக்கை. 1940-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராக 8-க்கு 1 என்று தீர்ப்பளித்தது. நாடு போர்ப் பதற்றத்தில் இருந்த நேரம். தீர்ப்புக்குப் பிறகு பல ஊர்களில் சாட்சிகளை அடித்தார்கள், அவர்களுடைய கூடங்களைத் தாக்கினார்கள். மூன்றே வருடத்தில், 1943-இல், அதே நீதிமன்றம் மேற்கு வர்ஜீனியா வழக்கில் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அரசியலிலோ மதத்திலோ எது சரியான நம்பிக்கை என்று விதிக்கவோ, அதை வாயால் சொல்லும்படி குடிமக்களைக் கட்டாயப்படுத்தவோ பெரிய அதிகாரி, சின்ன அதிகாரி யாருக்கும் உரிமை இல்லை என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு நாடு தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

நமக்கு இதில் நெருங்கிய தொடர்பு ஒன்று இருக்கிறது. 1985-இல் கேரளாவில் அதே பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் அசெம்பிளியில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986-இல் நம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்பார்கள். தீர்ப்பை எழுதிய நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த மேற்கு வர்ஜீனியா வழக்கை எடுத்து வைத்துத்தான் பேசினார். நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் அரசியலமைப்பு அதை நடைமுறைப்படுத்துகிறது, அதை நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம் என்று முடித்தார். ஆக, இது ஏதோ அமெரிக்கர்களின் பிடிவாதம் என்று நினைக்க வேண்டியதில்லை.

நடைமுறை என்னவென்றால், டெக்சாஸ் சட்டப்படி உறுதிமொழியிலிருந்து பிள்ளையை விலக்க பெற்றோர் எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டு வரி போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மௌன நிமிடத்துக்குக் கடிதமே தேவையில்லை. அந்த நேரத்தில் பிள்ளை பிரார்த்திக்கலாம், தியானிக்கலாம், சும்மா யோசிக்கலாம், மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும். இதே மாதிரி அலபாமா கொண்டுவந்த மௌன நிமிடச் சட்டத்தை 1985-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, ஏனென்றால் பள்ளிக்குள் பிரார்த்தனையைத் திரும்பக் கொண்டுவரத்தான் அதைப் போட்டோம் என்று அதைக் கொண்டுவந்தவரே ஒப்புக்கொண்டார். டெக்சாஸ் சட்டத்தை 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. என் அனுபவத்தில் அந்த ஒரு நிமிடம் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. பல பிள்ளைகளுக்கு நாளில் கிடைக்கும் ஒரே அமைதி அதுதான்.

கோச் விஷயம் வேறு. இதில் நான் உங்களோடு கொஞ்சம் அதிக நேரம் உட்கார விரும்புகிறேன். உங்கள் மகன் இருக்கும் நிலையில், கிட்டத்தட்ட அதே ஊரில், வேறொரு பிள்ளை இருந்திருக்கிறாள். டாலஸுக்குத் தெற்கே டங்கன்வில் என்ற ஊர். 12 வயதுப் பெண், ஏழாம் வகுப்பு, கூடைப்பந்துக் குழுவில் இருந்தாள். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கோச்சோடு சேர்ந்து ஜெபம். முதலில் எல்லாரும் சொல்வதால் அவளும் சொன்னாள். பிறகு பெற்றோரிடம் பேசிவிட்டு விலகி நின்றாள். மற்றவர்கள் வட்டமாக நின்று ஜெபிக்க, அவள் மட்டும் தனியே நிற்க வேண்டியிருந்தது. கூடப் படிக்கும் பிள்ளைகள் நீ கிறிஸ்தவள் இல்லையா என்று கேட்டார்கள். ஒருமுறை பார்வையாளர் ஒருவர் எழுந்து நின்று, அவள் ஏன் ஜெபிக்கவில்லை என்று கத்தினார். ஆசிரியர் ஒருவரே அவளைக் குட்டி நாத்திகர் என்று அழைத்தார். இதெல்லாம் நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. 1995-இல் டெக்சாஸை உள்ளடக்கிய ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், பள்ளிக் குழுவின் பயிற்சியிலும் ஆட்டத்திலும் பிள்ளைகளின் ஜெபத்தை நடத்தவோ அதில் பங்கெடுக்கவோ கோச்சுகளுக்கு அனுமதி இல்லை என்றது. அதே வழக்கில் பள்ளிப் பாடகர் குழு கிறிஸ்தவப் பாட்டைப் பாடுவதில் தவறில்லை என்றும் சொன்னார்கள், ஏனென்றால் மேற்கத்தியக் கூட்டுப்பாடலில் பெரும்பகுதி தேவாலயத்திலிருந்து வந்ததுதான். உங்கள் மகள் கிறிஸ்துமஸ் கச்சேரியில் பாடினால் அது பாட்டு, ஜெபம் இல்லை.

"பெரும்பான்மை மதத்துக்கும் சிறுபான்மை மதத்துக்கும் நடக்கும் சண்டை" என்று இதைச் சிலர் பார்க்கிறார்கள். வழக்குகளைப் படித்தால் அப்படித் தெரியாது. 1989-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி, பட்டமளிப்பு விழாவில் பிரார்த்தனை சொல்ல ஒரு ரப்பியை, அதாவது யூத மதகுருவை, அழைத்தது. எதிர்த்து வழக்குப் போட்ட வைஸ்மன் குடும்பமும் யூதக் குடும்பம்தான். 1992-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. டெக்சாஸிலேயே சான்டா ஃபே என்ற ஊரில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் மாணவர் ஒருவர் ஜெபம் சொல்லும் வழக்கத்தை எதிர்த்தவர்கள் ஒரு மார்மன் குடும்பமும் ஒரு கத்தோலிக்கக் குடும்பமும். 2000-இல் 6-க்கு 3 என்று வென்றார்கள். மாணவரே ஓட்டெடுத்துத் தேர்ந்தெடுத்த பேச்சாளர் என்று பள்ளி வாதாடியது எடுபடவில்லை, ஒலிபெருக்கியும் மைதானமும் நிகழ்ச்சியும் பள்ளியுடையவை என்றார்கள். இந்த வழக்குகளில் கடவுளை நம்புகிறவர்களே பள்ளியின் பிரார்த்தனையை எதிர்த்திருக்கிறார்கள். யாருடைய வார்த்தையில் பிரார்த்திப்பது என்பதில் நம்பிக்கை உள்ளவர்களுக்குத்தான் அக்கறை அதிகம்.

வைஸ்மன் தீர்ப்பில் வந்த கருத்து ஒன்று உங்கள் மகனுக்கு நேராகப் பொருந்தும். விருப்பமில்லாதவர் எழுந்திருக்க வேண்டாம், விழாவுக்கே வர வேண்டாம் என்று பள்ளி சொன்னபோது, அந்த வயதுப் பிள்ளைக்குச் சக மாணவர்களின் பார்வையே ஒரு கட்டாயம் என்று நீதிபதி ஆன்டனி கென்னடி எழுதினார். ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் "நீ வேண்டுமானால் விலகிக்கொள்" என்று சொல்வது சுதந்திரம் போலத் தெரியும். யாரை ஓட விடுவது, யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் மனிதரே கையை நீட்டிக் கோக்கச் சொல்லும்போது அது சுதந்திரம் இல்லை.

சரி, இதுவரை உறுதியானது. இனி ஆடிக்கொண்டிருப்பது. 2022-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டன் ஊர்க் கால்பந்து உதவிக் கோச் ஜோசப் கென்னடி வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவே மண்டியிட்டு அவர் பிரார்த்திப்பார். அது தனிப்பட்ட, அமைதியான பிரார்த்தனை என்று பெரும்பான்மை நீதிபதிகள் பார்த்தார்கள். மறுத்து எழுதிய நீதிபதி சோட்டோமாயர், சுற்றிலும் பிள்ளைகள் மண்டியிட்டிருக்கும் புகைப்படங்களையே தன் தீர்ப்புக்குள் சேர்த்தார். ஒரே சம்பவத்தை இரண்டு தரப்பும் இப்படி வேறு வேறாக விவரிப்பது அபூர்வம். அதோடு, 1971 முதல் இத்தகைய வழக்குகளை உரசிப் பார்த்த லெமன் சோதனை என்ற உரைகல்லையும் அந்தத் தீர்ப்பு ஒதுக்கிவிட்டது. இனி வரலாற்று வழக்கத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்றார்கள்.

இதைப் பிடித்துக்கொண்டு "இப்போது கோச் ஜெபம் நடத்தலாம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், தீர்ப்பு அதைச் சொல்லவில்லை என்பதை நினைவில் வையுங்கள். கோச் கென்னடி பிள்ளைகளை அழைத்தார், சேர்த்துக்கொண்டு நடத்தினார் என்பதற்காகப் பள்ளி அவர்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை, தனியே செய்த மூன்று பிரார்த்தனைகளுக்காகத்தான் எடுத்தார்கள் என்பதுதான் வென்ற தரப்பின் வாதமே. உங்கள் மகனின் கோச் செய்வது அதுவல்ல. வட்டமாக நிற்க வைத்துக் கை கோக்கச் சொல்கிறார். என் கணிப்பில் அது இன்றும் கோட்டுக்கு வெளியேதான். ஆனால் டங்கன்வில் தீர்ப்பின் காரணங்களில் ஒரு பகுதி அந்தப் பழைய உரைகல்லைச் சார்ந்தது. 1995-இல் இருந்த அதே தெம்போடு இன்று அதைச் சொல்ல முடியாது. கட்டாயம் என்ற காரணம் நிற்கும், மற்றவை எவ்வளவு நிற்கும் என்பது புதிய வழக்குகளில்தான் தெரியும்.

2025-இல் டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு சட்டங்களைப் போட்டது. ஒன்று, எல்லா வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகள் தொங்க வேண்டும் என்பது. இதே போன்ற கென்டக்கி சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1980-இல் ரத்து செய்திருந்தும் இதைக் கொண்டுவந்தார்கள். உடனே வழக்குகள் பாய்ந்தன, சில பள்ளி மாவட்டங்களில் (அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் உள்ளூர் அமைப்புகள் இவை) அந்த வருடமே நீதிபதிகள் தடை போட்டார்கள், மேல்முறையீடுகள் தொடர்ந்தன. உங்கள் பள்ளிக்கு இன்று எது பொருந்தும் என்பதை மாவட்ட அலுவலகத்தில் கேட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும். மற்றது, பள்ளியில் பிரார்த்தனைக்கும் மத நூல் வாசிப்புக்கும் தனி நேரம் ஒதுக்கலாமா என்று ஒவ்வொரு பள்ளி மாவட்டக் குழுவும் ஓட்டெடுக்க வேண்டும் என்பது. அப்படி ஒதுக்கினாலும் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் இல்லாமல் பிள்ளை அதில் சேர முடியாது. அந்தப் படிவத்தில், இதைப் பற்றி வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கும் வாசகமும் இருக்கும். வீட்டுக்கு வரும் காகிதக் கட்டில் அப்படி ஒன்று இருந்தால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மாவட்டக் குழுக் கூட்டங்கள் திறந்த கூட்டங்கள், போய் உட்காரலாம், பெயர் கொடுத்துவிட்டுப் பேசவும் செய்யலாம். நம்மவர்கள் அங்கே போவதே இல்லை. அது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

உங்கள் பிள்ளைகளின் சொந்த நம்பிக்கைக்கு வருவோம், இதில் நல்ல செய்திதான் அதிகம். விபூதி, பொட்டு, கையில் கட்டிய கயிறு எல்லாம் போட்டுக்கொண்டு போகலாம். டெக்சாஸில் 1999-இலிருந்து மத சுதந்திரத்துக்கென்றே ஒரு மாநிலச் சட்டம் இருக்கிறது. ஹூஸ்டன் பக்கம் நீட்வில் என்ற ஊரில் ஒரு பழங்குடிக் குடும்பத்துச் சிறுவன் மத நம்பிக்கையால் நீண்ட சடை வளர்த்திருந்தான். பள்ளி அதை மறைக்கச் சொன்னது. 2010-இல் ஐந்தாவது வட்ட நீதிமன்றம் அந்தச் சட்டத்தை வைத்தே சிறுவனுக்குத் தீர்ப்புச் சொன்னது. பிரச்சினை தொடங்கியபோது அவன் பால்வாடி வயது தாண்டாத பிள்ளை. தீபாவளி போன்ற மதப் பண்டிகைக்கு முன்கூட்டிக் கடிதம் கொடுத்தால் பள்ளி விடுப்புத் தர வேண்டும், விட்ட பாடத்தை முடிக்க நேரமும் தர வேண்டும். அதற்காகப் பயணம் செய்யும் நாளும் இதில் அடங்கும். சாப்பாட்டுக்கு முன் கை கூப்பலாம். செப்டம்பரில் ஒரு புதன்கிழமை காலையில் கொடிக்கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் கூடி ஜெபிப்பதைப் பார்ப்பீர்கள். அது 1990-இல் டெக்சாஸின் பர்ல்சன் ஊரில் பிள்ளைகள் தொடங்கியது, பள்ளி நேரத்துக்கு முன் அவர்களே நடத்தும்வரை சட்டப்படி சரி. உயர்நிலைப் பள்ளியில் மற்ற மாணவர் கிளப்புகளுக்கு இடம் கொடுத்தால் பைபிள் கிளப்புக்கும் கொடுக்க வேண்டும் என்று 1984-இலேயே மத்தியச் சட்டம் வந்தது. அந்தக் கதவு உங்கள் மகனுக்கும் திறந்திருக்கிறது. இரண்டு மூன்று பேரைச் சேர்த்து அவன் ஒரு இந்து மாணவர் கிளப் கேட்டால் மறுக்க முடியாது.

அதே கோடு நம் பக்கமும் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலிஃபோர்னியாவின் என்சினிடஸ் பள்ளிகளில் யோகா வகுப்பு வைத்தபோது, இது இந்து மதத்தைப் புகுத்துவது என்று ஒரு குடும்பம் வழக்குப் போட்டது. சமஸ்கிருதப் பெயர்களை எடுத்துவிட்டு, பத்மாசனத்துக்குக் குழந்தைகள் சம்மணம் போடுவதற்குச் சொல்லும் விளையாட்டுப் பெயரை வைத்து, உடற்பயிற்சியாக மட்டும் நடத்தியதால் 2015-இல் நீதிமன்றம் அனுமதித்தது. அலபாமா 1993-இல் பள்ளிகளில் யோகாவையே தடை செய்து, 2021-இல்தான் விட்டது. அப்போதும் மந்திரம் கூடாது, நமஸ்தே என்ற சொல்கூடக் கூடாது. நமஸ்தேயைத் தடுப்பது அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் பள்ளி ஓம் சொல்லவைக்கக் கூடாது என்பதை ஏற்காமல், கோச் ஜெபம் சொல்லவைக்கக் கூடாது என்று நாம் கேட்க முடியாது.

உங்கள் மிஷன் பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டீர்கள். நானும் அப்படித்தான், பாளையங்கோட்டையில். அந்த ஜெபம் இன்றும் எனக்கு மனப்பாடம், அதைச் சொன்னதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் அது நம் பெற்றோர் தெரிந்து தேர்ந்தெடுத்த தனியார் பள்ளி. அங்கேயும் நம் அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை வழிபாட்டில் கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்கிறது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவிலும் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்தால் அவர்கள் ஜெபம் சொல்வார்கள், அது அவர்கள் உரிமை. உங்கள் மகன் படிப்பது வீட்டு முகவரியை வைத்து அரசு ஒதுக்கிய, உங்கள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி.

இப்போது அந்தக் கடைசி வரி. இத்தனை வருடத்தில் விலகி நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, மற்ற பிள்ளைகளுக்கு அவரவர் கவலை. சில இடங்களில் நடந்திருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஜெப வட்டத்தில் சேராத பையனை மற்றவர்கள் பேருந்தில் தனியே உட்கார விட்டார்கள், அவன் ஒரு மாதத்தில் குழுவையே விட்டான். நான் அதைத் தெரிந்துகொண்டபோது நேரம் கடந்திருந்தது. அதனால் சட்டத்தைத் தெரிந்துகொண்ட கையோடு கோச்சிடம் போய் நிற்காதீர்கள். முதலில் மகனிடம் கேளுங்கள். அவனுக்கு அந்த வட்டம் உறுத்துகிறதா, அல்லது உறுத்துவது உங்களுக்கா? அவன் கை கோத்து நின்று மனதுக்குள் வேறு எதையோ சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தால், அதுவும் அவன் முடிவுதான். பதினான்கு வயதுப் பையன் அதை எடுக்கக் கூடியவன்.

உறுத்துகிறது என்று அவன் சொன்னால், அவனை முன்னால் நிறுத்தாமல் நீங்கள் பேசுங்கள். கோச்சிடம் தனியே, மரியாதையாக. இங்கே பல கோச்சுகள் நல்ல மனிதர்கள், பிள்ளைகள்மேல் பாசத்தில்தான் செய்கிறார்கள், வேறு மதத்துப் பிள்ளை வட்டத்தில் இருப்பதையே யோசித்திருக்க மாட்டார்கள். "பந்தயத்துக்கு முன் ஒரு நிமிடம் அமைதியாக நின்று அவரவர் விருப்பப்படி பிரார்த்திக்க விடுவீர்களா?" என்று கேளுங்கள். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிட்டது. முடியவில்லை என்றால் பிரின்சிபலுக்கு மின்னஞ்சல், அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட அலுவலகத்துக்கு. எப்போதும் எழுத்தில், தேதியோடு, என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுங்கள், யாரையும் குற்றம் சாட்டாமல். மகன் பெயர் மற்ற பெற்றோருக்குத் தெரியக் கூடாது என்று அதிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மகன் பந்தயத்தில் ஓட விடப்படாமல் உட்கார வைக்கப்பட்டால் அந்தத் தேதியையும் குறித்து வையுங்கள்.

அந்த மின்னஞ்சலை எழுதிய பிறகு அனுப்புவதற்கு முன் இங்கே பெயர்களை எடுத்துவிட்டுப் போடுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.